ஆரணியில் காணத்தக்க இடங்கள்

ஆரணி தமிழ்நாட்டின் திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதியின் கரையில் அமைந்துள்ள ஒரு நகராட்சி ஆகும். பட்டுச் சேலை நெசவுக்கும் அரிசி ஆலைகளுக்கும் இவ்வூர் பெயர் பெற்றது. 1989-ஆம் ஆண்டு வரை பழைய வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. வேலூர், ஆற்காடு, காஞ்சிபுரம், திருவண்ணாமலை ஆகிய நான்கு ஊர்களுக்கும் நடுவில் இருப்பதால் பயணிகள் பெரும்பாலும் இதனைக் கடந்தே செல்கின்றனர். தங்கிப் பார்ப்போர் குறைவு. கோட்டை, ஜாகீர் கால அரண்மனைகள், சைவ, சமணக் கோவில்கள், நெசவுத் தெருக்கள் என இங்குப் பார்க்க வேண்டியவை ஓரிடத்தில் இல்லாமல் நகரிலும் சுற்றுப்புற ஊர்களிலும் சிதறிக் கிடக்கின்றன.

பெயர்க்காரணம்

ஆறு அணியாக அமைந்த ஊர் என்பதால் 'ஆறணி' என்றாகிப் பின்னர் ஆரணி ஆனது என்பர். ஆர் என்னும் சொல்லுக்கு அத்தி எனப் பொருள் கொள்வோரும் உண்டு. அத்தி மரங்கள் நிறைந்த இடம் என்பது மற்றொரு விளக்கம். ஜவ்வாது மலைப்பகுதியிலிருந்து வரும் கமண்டல நாகநதி, மழைக்காலம் தவிர ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே காட்சியளிக்கும்.

கோட்டை

17-ஆம் நூற்றாண்டில் பீஜப்பூர் சுல்தானின் படைத்தலைவராகத் தென்னாட்டிற்கு வந்த சாஹாஜி போன்சுலேயின் (சிவாஜியின் தந்தை) பணியில் இருந்த வேதாஜி பாஸ்கர் பந்த் என்பவருக்கு ஆரணி ஜாகீராக வழங்கப்பட்டது. அவருடைய மராத்திய பிராமணக் குடும்பமே வழிவழியாக ஆரணி ஜாகீர்தார்களாக விளங்கியது. ஆற்காட்டு நவாபு, பின்னர் ஆங்கிலேயர் என மேலாட்சி மாறியபோதும் ஜாகீர் நீடித்தது. விடுதலைக்குப் பிந்தைய நில உரிமைச் சட்டங்களே அதனை முடிவுக்குக் கொண்டுவந்தன.

கருநாடகப் போர்களில் ஆரணியின் பெயர் இருமுறை முதன்மையாக இடம்பெறுகிறது. ஆற்காட்டில் முற்றுகையைத் தாக்குப்பிடித்த இராபர்ட் கிளைவ், அம்முற்றுகை 1751 நவம்பரில் விலகியதும், பின்வாங்கிச் சென்ற இராசா சாகிபைத் துரத்திச் சென்றார். சந்தா சாகிபின் மகனான இராசா சாகிபுக்குப் பிரெஞ்சுப் படைப்பிரிவு ஒன்று துணையாக இருந்தது. கிளைவுக்கு மராத்தியக் குதிரைப்படை உதவியது. 1751 டிசம்பர் 3 அன்று ஆரணிக்கு அருகில் நடந்த சண்டையில் கிளைவ் வென்றார். ஆற்காட்டு முற்றுகை பள்ளிப் பாடநூல்களில் இடம்பெறும் அளவுக்கு இச்சண்டை பேசப்படுவதில்லை.

இரண்டாம் மைசூர்ப் போரின்போது ஆரணிக் கோட்டை ஐதர் அலியின் படைக்கலன்களும் தானியமும் சேர்த்து வைக்கப்பட்ட கிடங்காக இருந்தது. அதனைக் குறிவைத்து வந்த ஆங்கிலத் தளபதி சர் அயர் கூட், 1782 ஜூன் 2 அன்று ஐதரின் படையுடன் மோதினார். களத்தில் ஆங்கிலேயரின் கை ஓங்கியபோதும் கோட்டை அவர்கள் வசம் வரவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் ஐதர் அலி இறந்தார்.

இன்று கோட்டையைத் தேடி வருபவர் மதில்களையும் கொத்தளங்களையும் எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். கோட்டை என்பது இப்போது பெரும்பாலும் ஒரு பகுதியின் பெயர். அரசு அலுவலகங்கள், பள்ளி, மைதானம், கோவில்கள் ஆகியவை அங்குள்ளன. போர்க்காலத்தை நினைவூட்டும்படி நிற்பது கர்னல் இராபர்ட் கெல்லியின் உயரமான நினைவுத்தூண். மூன்றாம் மைசூர்ப் போரின் தொடக்கத்தில் ஆரணியில் திரட்டப்பட்ட ஆங்கிலப் படைக்குத் தலைமை ஏற்றிருந்த கெல்லி, 1790 செப்டம்பரில் இறந்தார். கோட்டைப் பகுதியிலுள்ள கைலாசநாதர் கோவிலும் வேம்புலி அம்மன் கோவிலும் நகர மக்களின் முதன்மை வழிபாட்டிடங்கள். வேம்புலி அம்மனுக்கு ஆடி மாதத்தில் விழா நடைபெறும். அந்நாட்களில் கோட்டை மைதானம் கடைகளால் நிறைந்துவிடும்.

அரண்மனைகள்

ஆரணிக்கு அருகிலுள்ள எஸ். வி. நகரத்தின் முழுப்பெயர் சத்திய விஜய நகரம். உத்தராதி மடத்தின் தலைவராக இருந்த சத்திய விஜய தீர்த்தரின் பெயரால் இவ்வூர் அமைந்தது. அவருடைய பிருந்தாவனம் இங்குள்ளதால் மாத்துவ மரபினர் கருநாடகத்திலிருந்தும் வந்து வழிபடுகின்றனர். ஜாகீர்தார்களின் அரண்மனையும் இவ்வூரில்தான் உள்ளது. ஐரோப்பியத் தூண்களும் இந்திய-சாரசனிய வளைவுகளும் கலந்த அக்கட்டடம் நெடுங்காலமாகப் பராமரிப்பின்றிச் சிதைந்து வந்துள்ளது. சுவர்களில் செடி முளைத்து, மரவேலைப்பாடுகள் அழிந்துள்ளன. ஒரு சிற்றரசுக் குடும்பத்தின் மூன்று நூற்றாண்டு வரலாற்றுக்குக் கண்கண்ட சான்று என்ற வகையில் இக்கட்டடத்தின் இழப்பு ஆரணிக்கு ஈடுசெய்ய முடியாதது.

பூசிமலைக்குப்பத்தில், காட்டை ஒட்டி, கண்ணாடி மாளிகை என்று மக்கள் அழைக்கும் மற்றொரு மாளிகை உள்ளது. ஜாகீர்தார் ஒருவர் தம் ஆங்கிலேயத் துணைவிக்காக இதனைக் கட்டினார் என்று ஒரு கதை வழங்குகிறது. இதுவும் சிதைந்த நிலையிலேயே உள்ளது. மேல்தளங்களில் ஏறுவது ஆபத்தானது.

பட்டு நெசவு

ஆரணியில் காணத்தக்கவற்றுள் தலையாயது எந்தக் கட்டடமும் அன்று, தறியே ஆகும். நகரிலும், எஸ். வி. நகரம், சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் முதலிய ஊர்களிலும் வீட்டின் முன்கூடத்திலேயே தறி அமைந்திருக்கும். குழித்தறியில் நெசவாளர் தரை மட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகளை இயக்குவார். தலைக்கு மேலே உள்ள ஜக்கார்டு பெட்டியில் துளையிட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பும். எந்த இழை உயர வேண்டும், எது தாழ்ந்திருக்க வேண்டும் என்பதை அத்துளைகளே முடிவு செய்கின்றன. பிரான்சின் லியோன் நகரப் பட்டு நெசவுக்காக 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான இக்கருவியே பின்னாளில் துளையட்டைக் கணிப்பொறிகளுக்கு முன்மாதிரி ஆனது.

அதிகாலையில் வருபவர்கள் தெருவில் பாவு விரிக்கும் காட்சியைக் காணலாம். பல ஆயிரம் பட்டிழைகளைத் தெரு நீளத்திற்கு இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளை முடிந்து, கஞ்சி தோய்த்து உலர்த்துவர். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்தாக வேண்டும்; அண்டை வீட்டாரும் கை கொடுப்பர். ஒரு பாவில் பொதுவாக மூன்று சேலைகள் வரை நெய்யலாம். புதிய பாவைத் தறியில் ஏற்றும்போது, பழைய பாவின் முனைகளுடன் இழைக்கு இழை முறுக்கிப் பிணைக்க வேண்டும். இப்பணியைப் பெரும்பாலும் பெண்கள் செய்கின்றனர். பாவு, ஊடை ஆயத்தம் முதல் முறுக்குதல், நூல் சுற்றுதல் வரை குடும்பம் முழுவதன் உழைப்பும் சேலையில் சேர்கிறது. ஆனால் கூலி சேலைக்கு இவ்வளவு என்றே கணக்கிடப்படுகிறது.

உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமைந்த சேலைக்குக் கோர்வை முறை கையாளப்படுகிறது. இதில் மூன்று நாடாக்கள் இயங்கும். ஒவ்வொரு ஊடையிலும் உடல் இழையும் கரை இழையும் ஒன்றோடொன்று கொக்கி போல் பின்னிக்கொள்ளும். சேலையின் மறுபுறத்தைத் திருப்பி அந்த இணைப்பைப் பார்த்தால் கைத்தறியின் அடையாளம் தெரியும். ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. மலிவான சேலைகளில் வெள்ளிக்குப் பதில் செம்பு பயன்படுகிறது.

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டுள்ளது. இருப்பினும் ஆரணியில் நெய்யப்படும் சேலைகளில் பல, வணிகர்கள் வழியாகக் காஞ்சிபுரம், சென்னை முதலிய ஊர்களின் கடைகளுக்குச் செல்கின்றன. அங்கே ஊரின் பெயர் தொலைந்துவிடுவதுண்டு. 1985-ஆம் ஆண்டின் கைத்தறி இரக ஒதுக்கீட்டுச் சட்டம், கூடுதல் பாவாலோ ஊடையாலோ அமைந்த கரையும் வேலைப்பாடும் கொண்ட சேலைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கியுள்ளது. ஆயினும் விசைத்தறியின் போட்டி ஓயவில்லை. பட்டு நூல், வெள்ளி, தங்கம் ஆகியவற்றின் விலையேற்றமும் பிள்ளைகள் வேறு தொழில்களுக்குச் செல்வதும் தறிகளைக் குறைத்து வருகின்றன. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களில் வாங்குவோர் பட்டு முத்திரை, கைத்தறி முத்திரை ஆகியவற்றைப் பார்த்து வாங்கலாம். தறி இயங்கும் வீட்டிற்குள் செல்வதற்கு முன் அனுமதி கேட்பது முறை. அது வேலைத்தலம் மட்டுமன்று, குடியிருக்கும் வீடும் ஆகும்.

கோவில்கள்

புதுக்காமூரில் ஆற்றங்கரையில் அமைந்துள்ளது புத்திரகாமேட்டீசுவரர் கோவில். தசரதன் மகப்பேறு வேண்டி வேள்வி செய்த இடம் என்பது தலபுராணம். குழந்தை வரம் வேண்டுவோர் இங்கு மிகுதியாக வருகின்றனர்.

ஆரணி வட்டாரம் தமிழ்ச் சமணர்கள் இன்றும் வாழும் பகுதிகளுள் ஒன்று. அருகிலுள்ள பூண்டியில் பொன்னிநாதர் என வழங்கும் அருகர் கோவில் உள்ளது. சம்புவராயர் காலத்தில் எழுந்த வீரவீர ஜினாலயம் பற்றி அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது.

ஆரணிக்கும் போளூருக்கும் இடையே, வடமாதிமங்கலத்திற்கு அருகிலுள்ள திருமலை கட்டாயம் காண வேண்டியது. இங்குப் பாறையில் செதுக்கப்பட்ட, சுமார் 16 அடி உயரமுள்ள நேமிநாதர் உருவம் உள்ளது. சோழ இளவரசி குந்தவையின் பெயர் தாங்கிய குந்தவை ஜினாலயமும் குகை ஓவியங்களும் இம்மலையிலேயே உள்ளன. முதலாம் இராசேந்திர சோழனின் 13-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு கங்கை வரையிலான அவனது வெற்றிகளை வரிசையாகச் சொல்கிறது. ஆனால் அதன் நோக்கம் போர்ச்செய்தி அன்று, வணிகர் ஒருவரின் மனைவி இக்கோவிலுக்கு அளித்த கொடையே ஆகும். ஓவியங்களைத் தொடுவதும் ஒளிவீச்சு விளக்குடன் படம் எடுப்பதும் தவிர்க்கப்பட வேண்டும்.

சம்புவராயர்களின் தலைநகராக இருந்த படவேட்டில் இரேணுகாம்பாள் கோவில் உள்ளது. ஆடி வெள்ளிக்கிழமைகளில் அங்குக் கூட்டம் மிக அதிகம். மற்ற பழங்கோவில்களை அமைதியாகப் பார்க்க விரும்புவோர் வேறு மாதங்களில் செல்வது நலம். தேவிகாபுரத்தில் விசயநகரக் காலப் பெரியநாயகி அம்மன் கோவிலையும் அவ்வூர்ப் பட்டுத் தறிகளையும் ஒரே நாளில் காணலாம்.

போக்குவரத்து

வேலூர், ஆற்காடு, காஞ்சிபுரம், திருவண்ணாமலை, சென்னை ஆகிய நகரங்களிலிருந்து நேரடிப் பேருந்துகள் உள்ளன. ஆரணி நகருக்குள் தொடருந்துப் பாதை இல்லை. விழுப்புரம்–காட்பாடி பாதையில் களம்பூரில் உள்ள 'ஆரணி சாலை' நிலையமே அருகிலுள்ளது. பூசிமலைக்குப்பத்திற்கும் திருமலைக்கும் பேருந்துகள் குறைவு என்பதால் வாடகை வண்டி வசதியானது. வெயில் குறைந்த நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்கள் மலையேறுவதற்கு ஏற்றவை. ஆனால் மழை பெய்யும் நாட்களில் தெருவில் பாவு விரிப்பதில்லை.