கையின் கொள்ளளவு

சிரைகளினுள்ளே சிறு கதவுகள் போன்ற தடுக்கிதழ்கள் உள்ளன என்பதைப் பதுவா சர்வகலாசாலைப் பேராசிரியர் ஃபாப்ரீசியஸ் 1603-இல் சித்திரங்களுடன் வெளியிட்டாரெனினும், அவற்றின் பிரயோஜனத்தை உணர்ந்துரைக்கும் பாக்கியம் அவருடைய மாணாக்கர் வில்லியம் ஹார்விக்கே வாய்த்தது. புஜத்தைத் துணியாற் கட்டி, புடைத்தெழும் சிரையை ஒரு விரலால் அழுத்தி, மற்றொரு விரலால் இரத்தத்தை மேல்நோக்கி வழித்துவிட்டால், வழித்த இடம் அழுத்திய விரலை எடுக்கும்வரை வெறுமையாகவே கிடக்கும் என்பதை அவர் 1628-இல் எழுதிக் காட்டினார்.

ஆனால் கையிலுள்ள இரத்தம் கூடுவதையும் குறைவதையும் அளப்பதெங்ஙனம்? டூரின் நகரத்து ஆஞ்செலோ மோசோ, 1870-களில், முன்கையைக் கண்ணாடி உருளைக்குள் நுழைத்து, வாயை ரப்பரால் அடைத்து, வெதுவெதுப்பான நீரை நிரப்பி, இரத்தம் மிகும்போது வெளியேறியும் குறையும்போது உள்ளிழுக்கப்பட்டும் அசையும் அந்நீரின் சலனத்தைக் காகிதத்திற் கோடாக எழுதச் செய்தார். லைப்சிக்கில் ஒரு நண்பரின் கைகளை இவ்வாறு பரிசோதிக்கையில் மோசோவின் ஆசான் லூட்விக் அறைக்குள் நுழைந்தாராம். உடனே கோடு சரேலென்று கீழிறங்கியது! ஆசிரியரைக் கண்டு மாணாக்கனின் இரத்தம் ஒடுங்குவது நமக்கொன்றும் புதிதன்று.

1909-இல் ஹியூலெட்டும் வான் ஸ்வாலுவென்பர்க்கும், தமனியைத் தடுக்காமல் சிரையை மட்டும் தடுக்குமளவுக்குப் புஜத்தில் காற்றுப்பட்டையை இறுக்கி, வந்த இரத்தம் வெளியேற வழியின்றிக் கை பருக்கும் வேகத்தினின்றும் இரத்தப் பிரவாகத்தைக் கணித்தார்கள். 1953-இல் விட்னி, பாதரசம் நிரப்பிய மெல்லிய ரப்பர்க் குழாயை அவயவத்தைச் சுற்றிக் கட்டி, அது நீளுகையில் மிகும் மின்தடையைக் கொண்டு சுற்றளவின் மாறுதலை அறியும் முறையை வகுத்ததும், நீர்த்தொட்டிக்கு அவசியமில்லாது போயிற்று. காலிற் கட்டிய காற்றுப்பட்டையைத் தளர்த்தியதும் அது எவ்வளவு விரைவில் வடிகிறது என்று பார்த்து, ஆழ்சிரையில் உறைகட்டி அடைத்திருப்பதை வைத்தியர்கள் ஊகிக்கலானது இவற்றின் பின்னரே.