மழைமானி நின்ற இடம்

மலைச்சரிவில் ஊறிய மண் பாறைகளோடு சேறாகி, ஓடை வழியே பாய்ந்து இறங்க எவ்வளவு மழை வேண்டும்? அமெரிக்காவின் சாண்டா மோனிகா மலைகளை ஆராய்ந்த ரஸ்ஸல் கேம்ப்பெல் 1975-ல் ஒரு விடை தந்தார்: பருவத்தில் ஏற்கெனவே சுமார் 250 மி.மீ. பெய்து மண் நனைந்திருக்க வேண்டும். அதன்மேல் மணிக்கு 6 மி.மீ.க்குச் சற்று கூடுதலாகக் கொட்ட வேண்டும். 1980-ல் நெல் கெய்ன் உலகின் பல பகுதிகளிலிருந்து 73 சரிவு நிகழ்வுகளைத் திரட்டி, அவற்றின் மழையளவுகளை வரைபடத்தில் குறித்து, அந்தப் புள்ளிகளுக்கு அடியில் ஒரு கோடு வரைந்தார். அதன்படி ஒரு மணி நேர மழையானால் 15 மி.மீ. போதும், ஒரு நாள் முழுக்க நீடித்தால் மணிக்கு 4 மி.மீ.க்குச் சற்று மேல், மொத்தத்தில் நூறு மி.மீ. சொச்சம். பிறகு நாடு நாடாக இத்தகைய கோடுகள் பெருகின. இவற்றை மண்ணின் தாங்குதிறனாகவே படிக்கும் பழக்கம் வந்துவிட்டது. ஆனால் இவை மழைமானி எங்கே நின்றது என்பதையும் சேர்த்தே சொல்கின்றன.

மழைமானிகள் பெரும்பாலும் ஆளும் சாலையும் உள்ள பள்ளத்தாக்குகளில்தான் இருக்கின்றன. மண்சரிவோ மேலே, ஆளில்லாத ஓடைத் தலைப்பில் தொடங்குகிறது. கோடைக்கால இடிமழை சில கிலோமீட்டர் அகலத்துக்குள் கொட்டித் தீர்த்துவிடும். வடகிழக்கு இத்தாலியின் அடிஜே ஆற்று மேற்படுகையில் ரேடார் பதிவுகளை ஆராய்ந்தபோது, சரிவு தொடங்கிய இடத்தருகே மழை உச்சத்தில் இருந்ததும், விலக விலகக் குறைந்ததும் தெரிந்தது. ஆக, தள்ளி நின்ற மானி உண்மையைவிடக் குறைவாகவே பதிவுசெய்யும். அந்த எண்களால் வரைந்த கோடும் தாழ்ந்துவிடும்.

கோடு தாழ்ந்திருந்தால் முன்கூட்டியே எச்சரிக்கலாம், உயிருக்கு நல்லதுதானே என்று கேட்கலாம். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் 1982 ஜனவரிப் புயல் பல்லாயிரம் சரிவுகளைக் கிளப்பியதை நினைத்தால் இந்தக் கவலை நியாயமானதே. ஆயினும் சரிவே வராத மழைக்கெல்லாம் வீட்டைவிட்டு வெளியேறச் சொன்னால், சில முறைக்குப் பிறகு யாரும் அசையமாட்டார்கள். மெய்யான ஆபத்து வரும் இரவிலும் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். ரேடாரை நம்புவதற்கு எதிரான இன்னொரு மறுப்பு வலுவானது: மலைமுகடு ரேடார் கதிரை மறைக்கும், கனமழை அதை வலுவிழக்கச் செய்யும். உண்மைதான். அதனால்தான் ரேடார் அளவை அந்தந்த நிகழ்வின் மானிப் பதிவுகளோடு ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள். இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு: ரேடாரால் வரைந்த உயர்ந்த கோட்டைத் தூரத்து மானியின் எண்ணோடு பொருத்திப் பார்த்தால், மேலே சரிவு இறங்கிக்கொண்டிருக்கும்போதும் அபாய அறிவிப்பு வராது.