அறிந்து பட்ட நோவு

ரண சிகிச்சைக்குப் பின் நோயாளிக்கு நேரும் நோவை மருந்தொன்றினாலேயே தீர்த்துவிடலாம் என்னும் எண்ணம் வைத்தியசாலைகளில் வேரூன்றியிருக்கிறது. அது பாதி உண்மையே என்பதும், வரப்போகும் நோவைப் பற்றி நோயாளியிடம் முன்கூட்டி உரைப்பது வெறும் உபசார வார்த்தையன்று, சிகிச்சையின் ஓர் அங்கமே என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

1846-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள், பாஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், வில்லியம் மார்ட்டன் என்ற பல் வைத்தியர் ஈதர் ஆவியால் ஒருவரை மயக்க, ஜான் வாரன் அவர் கழுத்திலிருந்த கட்டியை அறுத்தார். கத்தியின் கீழ் அலறும் கொடுமை அன்றுமுதல் ஒழியத் தொடங்கிற்று. மயக்கம் தெளிந்தபின் வரும் நோவோ, தாதியின் ஊசிக்கும் நோயாளியின் பொறுமைக்குமே விடப்பட்டது.

118 ஆண்டுகள் கழித்து, 1964-இல், அதே மருத்துவமனையில் லாரன்ஸ் எக்பர்ட்டும் அவருடைய சகாக்களும் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். வயிற்றில் சிகிச்சை பெறவிருந்த 97 பேரில் ஒரு சாராரிடம் மட்டும், மயக்க மருந்து வைத்தியர் முதல் நாளே சென்று, எவ்விடத்தில் எவ்வளவு வலிக்கும், எத்தனை நாள் நீடிக்கும், காயத்தின் அடியிலுள்ள தசை இறுகுவதே அதற்குக் காரணம் என்றெல்லாம் விளக்கி, ஆழ்ந்து மூச்சிழுத்துத் தசையைத் தளர்த்தவும், கட்டிலுக்கு மேல் தொங்கும் கம்பியைப் பற்றிக்கொண்டு புரளவும் பழக்கினார். அப்படியும் பொறுக்க முடியாவிடில் மருந்து கேட்கலாம் என்றும் சொல்லி வைத்தார். அவர்களுக்குத் தேவைப்பட்ட மார்பின் போன்ற மருந்து, மற்றவர்களுக்குத் தேவைப்பட்டதில் ஏறத்தாழப் பாதியாயிற்று. யார் எந்தச் சாரார் என்றறியாத ரண வைத்தியர்களே அவர்களைச் சராசரி 2.7 நாள் முன்னதாக வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இதன் காரணம் அறிதற்கரியதன்று. சொல்லப்படாத நோவு அபாயத்தின் அறிகுறியாகத் தோன்றும். அச்சத்தால் தசை இறுகும். இறுகிய தசை நோவைப் பெருக்கும். நோவுக்கு அஞ்சி இருமாதும் ஆழ்ந்து மூச்சிழுக்காதும் கிடப்பவருக்குச் சளி தேங்கி நுரையீரல் கெடும். அசையாது கிடந்தால் கால்களின் சிரைகளில் இரத்தம் உறையும். ஆகவே நோயாளியின் சௌகரியம் என்பது சுகபோகமன்று, உயிர்க்காப்பின் பகுதியாகும்.

நோவைப் பற்றிச் சொன்னால் பயம் மிகும் என்பாரும், சொன்னவர் முகத்துக்காக நோயாளி வலியை அடக்கியிருப்பார் என்பாரும் உளர். வலிக்கும் என்று மட்டும் சொல்லி அகல்வது பயத்தை வளர்க்கலாம். வலித்தால் செய்யத்தக்கதையும் உடன் கற்பிப்பது அவ்வாறன்று. அடக்கிய வலியோடு அசையாது கிடந்தவரை, வீட்டுக்குப் போகத் தக்கவர் என்று ரண வைத்தியர் முன்னதாகத் தீர்மானித்திருப்பாரா?

இதனால் மருந்து வேண்டாவென்று கொள்ளலாகாது. அறிவுறுத்தப்பட்டவர்க்கும் மீதிப் பாதி தேவைப்பட்டதே. முதல் நாள் மாலை நோயாளியின் கட்டிலருகே அமர்ந்து பேசும் கால் மணி நேரத்தையும், மருந்தின் அளவைப் போலவே, சிகிச்சைக் குறிப்பில் எழுதி நிறைவேற்ற வேண்டும் என்பதே இதனால் பெறப்படும் முடிவு.