அழாத குழந்தைகள்

குழந்தைகள் காப்பகம் என்றால் நாலு தெரு தாண்டிச் சத்தம் கேட்க வேண்டும், இல்லையா? 1990-ல் ருமேனியக் காப்பகங்களுக்குள் நுழைந்த வெளிநாட்டவர்களைத் திடுக்கிட வைத்தது அங்கே இருந்த அமைதி. வரிசையாகத் தொட்டில்கள். உள்ளே விட்டத்தைப் பார்த்தபடி குழந்தைகள். அழுகைச் சத்தம் அபூர்வம். அழுதால் யாராவது வருவார்கள் என்று தெரிந்தால்தானே ஐயா குழந்தை அழும்!

கதை 1966-ல் ஆரம்பிக்கிறது. கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சௌஷெஸ்குவுக்கு நாட்டில் ஜனத்தொகை போதவில்லை என்று கவலை. ஆணை எண் 770 போட்டார். கருக்கலைப்புக்குத் தடை. பிள்ளை பெறாதவர்களுக்குத் தனி வரி வேறு. எஃகு இத்தனை டன், கோதுமை இத்தனை டன் என்பது மாதிரி குழந்தைக்கும் இலக்கு! 1966-ல் சுமார் 2,74,000 குழந்தைகள் பிறந்த நாட்டில் மறுவருடம் சுமார் 5,28,000. உற்பத்தி அமோகம். சோறு போடுவது யார்? வளர்க்க வழியில்லாதவர்கள் அரசுக் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். 1989 டிசம்பரில் சௌஷெஸ்கு சுட்டுக் கொல்லப்பட்டபோது உள்ளே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். பெரும்பாலோருக்கு அப்பா அம்மா உயிரோடுதான் இருந்தார்கள்.

டி.வி.யில் இதைப் பார்த்த மேற்கத்தியத் தம்பதிகள் உடனே விமானம் ஏறினார்கள். 1990 தொடக்கத்திலிருந்து ஒன்றரை வருடத்தில் சுமார் 10,000 குழந்தைகள் தத்துப்போனார்கள்.

போனவர்களுக்கு முதல் பயம், எய்ட்ஸ். நியாயமான பயம்தான். சோனிக் குழந்தைகளுக்குத் தெம்பு வரட்டும் என்று கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் ஏற்றுவது அங்கே வழக்கம். சோதிக்காத ரத்தம். ஒருவருக்குப் போட்ட ஊசியையே அடுத்தவருக்கும் போடுவார்கள். 1990 முடிவில் ருமேனியாவில் பதிவான எய்ட்ஸ் நோயாளிகள் 1,168 பேர். அதில் 1,094 பேர் குழந்தைகள்!

டானா ஜான்சன் என்ற அமெரிக்க டாக்டரின் குழு, தத்து வந்த 65 ருமேனியக் குழந்தைகளைப் பரிசோதித்து 1992-ல் முடிவுகளை வெளியிட்டது. உடலும் சரி, வளர்ச்சியும் சரி, எல்லாம் நன்றாக இருந்தவர்கள் வெறும் 10 பேர். பாதிக்கு மேற்பட்டவர்கள் ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி கிருமி வந்துபோன தடயம், அல்லது கிருமியே. மூன்றில் ஒரு பங்குக்கு வயிற்றில் பூச்சி. ஊரிலிருந்து கொண்டுவந்த மருத்துவச் சான்றிதழை நம்பாதீர்கள், இங்கே வந்ததும் ஒருமுறை, ஆறு மாதம் கழித்து மறுமுறை சோதியுங்கள் என்று பெற்றோரிடம் டாக்டர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். புதிதாகத் தொற்றிய கிருமி முதல் சோதனையில் சிக்காமல் போகலாமே! வீட்டில் இருப்பவர்களும் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

பூச்சிக்கு மருந்து உண்டு. வைரஸுக்கு டெஸ்ட் உண்டு. யாருமே தூக்கிக் கொஞ்சாமல் கழிந்த மாதங்களுக்கு? அதற்கு ரத்தப் பரிசோதனை கிடையாது. 'தொந்தரவே இல்லாத சமர்த்துக் குழந்தை' என்று மகிழ்ந்த பெற்றோர்தான் பாவம், பின்னால் அதிகம் தவித்தார்கள். முன்பின் தெரியாதவர் கையைப் பிடித்துக்கொண்டு தயங்காமல் போய்விடும் பிள்ளையை என்ன செய்வது?

லண்டனில் மைக்கேல் ரட்டர் என்ற மனநல மருத்துவர், பிரிட்டனுக்கு வந்த 165 பேரைக் குழந்தைப் பருவத்திலிருந்தே தொடர்ந்து கவனித்தார். அவர்கள் இளைஞர்களாகும்வரை அந்த ஆய்வு நீண்டது. 2017-ல் முடிவுகள் வந்தன. காப்பகத்தில் ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தவர்கள் பிரிட்டனிலேயே பிறந்து தத்துப்போனவர்களைப் போலத்தான் வளர்ந்திருந்தார்கள். ஆறு மாதத்தைத் தாண்டியவர்களில் பலருக்குக் கவனச்சிதறலும் பிறரோடு பழகுவதில் சிக்கலும் பெரியவர்களான பிறகும் விடவில்லை. ஆனால், சின்ன வயதில் பின்தங்கியிருந்த அவர்களுடைய அறிவுத்திறன் வளர்ந்தபின் சராசரியை எட்டிவிட்டது. ஐந்தில் ஒருவருக்கு எந்தப் பிரச்னையுமே வரவில்லை.

அதற்குள் ருமேனியாவும் கதவைச் சாத்தியிருந்தது. 2001-ல் வெளிநாட்டுத் தத்துகளை நிறுத்தி வைத்தது. 2005-ல் அமலுக்கு வந்த சட்டம், தாத்தா பாட்டி வெளிநாட்டில் இருந்தால் மட்டுமே அனுமதி என்றது.