மரதன் ஓட்டமும் தொடக்கக் கோடும்

ஓட்டப் போட்டியொன்றைக் காணச் செல்வோர் பெரும்பாலும் முடிவுக் கோட்டின் அருகிலேயே இடம் பிடிக்கின்றனர். வென்றவனைக் கண்ணாரக் காண்பதும், அவன் பெயரைச் சொல்லி ஆரவாரிப்பதும் மக்கட்கு இயல்பு. தொடக்கக் கோட்டில் யார் யார் நின்றனர், நிற்க இடம் பெறாது திரும்பியவர் யார் என்று நினைப்போர் சிலரே. ஆயினும், ஒலிம்பிக் மரதன் ஓட்டத்தின் சரித்திரத்தை ஆராயுமிடத்து, தொடக்கக் கோடும் பல செய்திகளை உரைக்கக் காணலாம். அவற்றுள் ஒன்று இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்களில் வாழும் தமிழ் மக்களுக்கு மிகவும் நெருங்கியது.

மரதன் ஓட்டம் 1896ஆம் ஆண்டிலே, ஏதென்ஸ் நகரில் நடைபெற்ற முதலாவது நவீன ஒலிம்பிக் விழாவிற் பிறந்தது. அவ்வோட்டத்துக்குத் தம் வீரரைத் தெரிந்தெடுக்கும் பொருட்டுக் கிரேக்கர் அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் இரு தெரிவுப் போட்டிகளை நடத்தினர். முதற் போட்டியில் வென்றவர் கரிலாவோஸ் வசிலாக்கோஸ் என்பவர். இரண்டாவது போட்டியில் ஐந்தாம் இடத்தைப் பெற்றவர், மரூசி என்னும் ஊரிலே நீர் சுமந்து விற்று வாழ்ந்த ஸ்பிரிடோன் லூயிஸ். தெரிவுப் போட்டியில் ஐந்தாவதாக வந்தவரை அன்று பெரிதாக எண்ணினோர் எத்தனை பேர் இருந்திருப்பர்? ஆனால் ஏப்பிரல் 10ஆம் நாள் நடந்த ஒலிம்பிக் ஓட்டத்திலே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தூரத்தை 2 மணி 58 நிமிடம் 50 வினாடியில் ஓடி முதல்வராக வந்தவர் அவரே. வசிலாக்கோஸ் இரண்டாமவரானார். அதே சமயத்தில் ஸ்தமாதா ரெவிதி என்ற ஏழைப் பெண்ணொருத்தி தானும் ஓட விரும்பினாள். அவளுக்கு அனுமதி கிடைக்கவில்லை. மறுநாள் அவள் அதே பாதையிலே தனியாக ஓடினாள். நீர் சுமந்தவருக்குத் திறந்த கதவு அவளுக்குத் திறக்கவில்லை. தொடக்கக் கோடு என்பது வெறுஞ் சுண்ணாம்புக் கோடன்று என்பது முதல் ஒலிம்பிக் விழாவிலேயே வெளிப்பட்டுவிட்டது.

இந்தியாவில் அக்கோடு வேறொரு விதமாக வரையப்பட்டது. பூனா நகரத்துத் தக்கண உடற்பயிற்சிக் கழகத்தின் விளையாட்டு விழாவிலே வெறுங்காலுடன் ஓடிய உழவர்களைக் கண்டு வியந்த செல்வர் தொராப்ஜி தாதா, அவர்களை உலக அரங்குக்கு அனுப்பத் துணிந்தார். அம்முயற்சியால் 1920ஆம் ஆண்டு அன்ட்வேர்ப் ஒலிம்பிக் விழாவுக்கு இந்திய அணியொன்று சென்றது. அதிற் சென்ற பதேப்பா சௌகுலே மரதன் ஓட்டத்தில் 19ஆம் இடத்தைப் பெற்றார். ஆற்றல் அவருடைய கால்களிலே முன்பே இருந்தது. அதனைக் கண்டு வழி திறந்துவிட ஒருவர் வேண்டியிருந்தது.

தெரிவுப் போட்டியில் வென்றவர்மீது நாடு சுமத்தும் பாரம் எத்தகையது என்பதை 1964ஆம் ஆண்டின் ஜப்பான் காட்டும். அவ்வாண்டு ஏப்பிரலில் நடந்த தெரிவு மரதனில் கிமிகாரா முதலிடத்தையும், சுபுராயா இரண்டாமிடத்தையும், தெரசாவா மூன்றாமிடத்தையும் பெற்றனர். மூவரையும் ஜப்பானிய மக்கள் தம் நம்பிக்கையின் உருவங்களாகக் கருதினர். அக்டோபர் 14ஆம் நாள் டோக்கியோ அரங்கிலே 10,000 மீற்றர் ஓட்டம் நடைபெற்றது. அமெரிக்கப் பூர்வீகக் குடியினரான பில்லி மில்ஸ் 28 நிமிடம் 24.4 வினாடியில் வென்று உலகை வியப்பிலாழ்த்தினார். சுபுராயா ஆறாமவராக வந்தார். எல்லோரும் ஓடி முடித்த பின்னரும் ஒருவர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தார். அவரே இலங்கை வீரர் ரணதுங்க கருணானந்த. 67ஆம் இலக்கம் தாங்கிய அவர் தனியாக வட்டங்களைச் சுற்றி வந்தபோது முதலில் நகைப்பொலி எழுந்தது. அவர் நிற்கவில்லை. அடுத்த வட்டத்தில் நகைப்பு அடங்கியது. அதற்கடுத்து அரங்கு முழுவதும் எழுந்து கைதட்டியது. வென்றவருக்குப் பின் ஏறத்தாழ ஆறு நிமிடம் கழித்து, 34 நிமிடம் 21.2 வினாடியில் அவர் முடிவுக் கோட்டை அடைந்தார். இறுதியாக வந்த அவருடைய கதை பின்னர் ஜப்பானியப் பள்ளிச் சிறார்களின் பாடநூலில் இடம்பெற்றது.

ஒரு வாரங் கழித்து, அக்டோபர் 21ஆம் நாள், மரதன் ஓட்டம் நடந்தது. எதியோப்பியாவின் அபேபே பிக்கிலா 2 மணி 12 நிமிடம் 11.2 வினாடியில் வென்றார். இரண்டாமவராக அரங்கினுள் நுழைந்தவர் சுபுராயா. பல்லாயிரவர் கண் முன்னே, கடைசிச் சுற்றில், ஆங்கிலேயரான பசில் ஹீட்லி அவரை முந்திச் சென்றார். இடைவெளி நான்கு வினாடிக்கும் குறைவு. சுபுராயா பெற்ற வெண்கலமே அவ்விழாவின் மெய்வல்லுநர் போட்டிகளில் ஜப்பானுக்குக் கிடைத்த ஒரே பதக்கம். எனினும், நாட்டு மக்களின் கண்ணெதிரே இடத்தை இழந்தமையைப் பெருங்குற்றமாகவே அவர் எண்ணினார். மெக்சிக்கோவில் அதனை ஈடுசெய்வதாக உறுதி பூண்டார். காயங்களும் மனத்துயரும் சூழ, 1968 சனவரியில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அதே ஆண்டு மெக்சிக்கோவில் கிமிகாரா வெள்ளிப் பதக்கம் பெற்றார். ஒரே அரங்கத்து மக்கள் கடைசியாக வந்த அயல்நாட்டவரை வாழ்த்தினர். தம் நாட்டு வீரரோ மூன்றாமிடம் பெற்றும் அமைதி பெறவில்லை. கைதட்டலும் ஒரு பாரமாகலாம் என்பதை விளையாட்டை விரும்பும் சமுதாயம் மறத்தலாகாது.

இனி, சபரகமுவ மாகாணத்துக்கு வருவோம். இலங்கை முதன்முதலாக ஒலிம்பிக் விழாவிற் பங்குபற்றியது 1948ஆம் ஆண்டு, இலண்டன் நகரிலே. சூலை 31ஆம் நாள் 400 மீற்றர் தடை தாண்டல் ஓட்டத்தில் டங்கன் வைற் வெள்ளிப் பதக்கம் பெற்றார். சுதந்திரம் பெற்ற முதலாண்டிலேயே நாட்டின் கொடி உலக அரங்கிற் பறந்தது. அவ்வாண்டிலேதான் பிரசாவுரிமைச் சட்டமும் நிறைவேறி, நவம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. தந்தையோ பாட்டனோ இந்நாட்டிற் பிறந்தவர் என்பதற்குச் சான்று காட்ட வேண்டுமென அச்சட்டம் கேட்டது. பிறப்புப் பதிவுகள் ஒழுங்காக இல்லாத தோட்டத்து மக்கள் அச்சான்றுக்கு எங்கே போவர்? 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அவர்கள் அனுப்பிய விண்ணப்பங்களிற் பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன.

தெஹியோவிற்ற, எட்டியாந்தோட்டை, தெரணியகல, பலாங்கொடை, றக்குவானை முதலிய இடங்களைச் சூழ்ந்த தேயிலை, இறப்பர் தோட்டங்களின் வாழ்வை அறிந்தவர்க்கு அம்மக்களின் கால்வலிமை புதிதன்று. விடியுமுன் பிரட்டுக்களத்திற் கூடி, மழை வழுக்கும் மலைச்சரிவில் மரத்துக்கு மரம் ஏறியிறங்கிப் பால் வெட்டினர். நிறைந்த வாளிகளைத் தூக்கித் தொழிற்சாலைக்கு நடந்தனர். தோட்டத்துத் தபாற்காரர் நாள்தோறும் பை சுமந்து தபாற்கந்தோருக்குப் பல மைல் போய் மீண்டார். அவர்களுடைய ஓட்டத்தை எந்த மணிக்கூடும் அளக்கவில்லை. அளந்திருப்பினும் என்ன பயன்? ஒரு நாட்டின் பிரசையாக இல்லாதவன் அந்நாட்டின் சார்பில் ஒலிம்பிக் விழாவில் ஓடுதல் விதிப்படி இயலாது. தெரிவுப் போட்டியின் முதற் கேள்வி வேகம் பற்றியதாக இருக்க வேண்டும். அவர்கட்கோ அது பத்திரம் பற்றியதாக இருந்தது.

டோக்கியோ விழா 1964 அக்டோபர் 24ஆம் நாள் நிறைவெய்தியது. கருணானந்தவை உலகம் வாழ்த்திய அவ்விழா முடிந்த ஆறாம் நாளே, அக்டோபர் 30ஆம் நாள் புதுடில்லியிலே சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நாடற்றிருந்த ஏறத்தாழ 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்கும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்யப்படும் என்பது அதன் சாரம். ஒரே லயத்தில் வாழ்ந்த உறவினர் இரு நாட்டவராயினர். தலைமன்னாரிற் கப்பலேறி இராமேசுவரம் சென்றோர் பலர். பிறந்து வளர்ந்த மலைப்பாதையை விட்டுச் சென்ற இளைஞருள் எத்தனை ஓட்ட வீரர் இருந்தனர் என்று எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

சபரகமுவ மண்ணின் ஆற்றலுக்கு உலகறிந்த சான்று பின்னர்க் கிடைத்தது. கேகாலை மாவட்டத்தில், வரக்காப்பொலைக்கு அண்மையிலுள்ள சிற்றூரொன்றில் ஏழைக் குடும்பத்திற் பிறந்த சுசந்திகா ஜெயசிங்க, 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் விழாவில் 200 மீற்றர் ஓட்டத்தில் மூன்றாமிடம் பெற்றார். டங்கன் வைற்றுக்குப் பின் 52 ஆண்டுகள் கழித்து இலங்கை கண்ட பதக்கம் அது. முதலாவதாக வந்த மரியன் ஜோன்ஸ் ஊக்க மருந்து உட்கொண்டமையை 2007இல் ஒப்புக்கொள்ள, 2009இல் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாக உயர்ந்தது. ஓட்டத்தின் தீர்ப்பும் சில வேளைகளிற் பல ஆண்டு கழித்தே திருத்தப்படுகிறது.

தோட்டத்து மக்களின் தீர்ப்புத் திருந்த அதனினும் நெடுங்காலம் சென்றது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30ஆம் நாள் முதல் இந்நாட்டில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் சந்ததியாருக்கும் பிரசாவுரிமை வழங்கியது. பத்திரத்தாற் பூட்டப்பட்ட கதவு பத்திரத்தாலேயே திறந்தது. அதன் பின்னர், மலையகத்திற் பிறந்த குமார் சண்முகேஸ்வரன் போன்றோர் நெடுந்தூர ஓட்டங்களிலே தேசிய மட்டத்தில் முன்னணிக்கு வந்தமை குறிப்பிடத்தக்கது.

சட்டம் வழிவிட்டாலும், தொடக்கக் கோட்டுக்குச் செல்லும் பாதை இன்னும் முற்றாகச் செப்பனிடப்படவில்லை. ஓடுவதற்குச் சமநிலமும், வயிறார உணவும், காலுக்கு நல்ல சப்பாத்தும், பயிற்றும் ஆசிரியரும் தோட்டப் பாடசாலைகட்கு வேண்டியனவாம். வென்ற மாணவனுக்கு மாலையிடும் பெற்றோர், ஐந்தாவதாக வந்தவனையும் அடுத்த போட்டிக்கு அனுப்ப மனங்கொள்ள வேண்டும். ஸ்பிரிடோன் லூயிஸ் அவ்வாறு அனுப்பப்பட்டவரே. தோற்று வந்தவனை வீட்டில் இன்முகத்தோடு வரவேற்க வேண்டும்; சுபுராயாவுக்கு அது போதியவாறு கிடைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பாடசாலை வாயிலுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளை யார், அது ஏன் ஓடவில்லை என்று அதிபரும் ஆசிரியரும் ஆண்டுதோறும் விளையாட்டுப் போட்டிக்கு முன்னரே கேட்டறிதல் வேண்டும். அப்பிள்ளையின் பெயரைப் பட்டியலிற் சேர்த்த பின்னரே மைதானத்திற் கோடு போடலாம்.