கைவிட்ட குரல் திரும்பி வந்த கதை

2014இல் படம் வந்த பிறகுதான் எங்களில் கனபேருக்கு 'டைவர்ஜன்ட்' என்ற பெயரே தெரிய வந்தது. படம் பார்த்தவர்கள் பிறகு நாவலைத் தேடிப் போனார்கள். மூன்று நாவல்களையும் முடித்தவர்களில் எத்தனை பேர் அதே ஆண்டு யூலையில் வந்த 'ஃபோர்' என்ற மெல்லிய சிறுகதைத் தொகுப்பைக் கையில் எடுத்திருப்பார்கள்? 'அது சும்மா காசுக்குப் போட்ட புத்தகம்' எண்டு தள்ளி வைக்கிறவர்கள்தான் அதிகம். அந்தப் பேச்சு பாதி சரி, பாதி பிழை.

காசுக் கதையை முதலில் பார்ப்போம். ஒரு நாவலைச் சுற்றிச் சிறுகதைகள் முளைப்பது புதிசில்லை. ஓர்சன் ஸ்கொட் கார்டின் 'எண்டர்ஸ் கேம்' 1977இல் ஒரு சஞ்சிகையில் சிறுகதையாக வந்து, 1985இல் நாவலாக வளர்ந்தது. ஆனால் 2011க்குப் பிறகு நடந்தது வேற மாதிரி. மின்னூல் பரவியதும், இரண்டு நாவல்களுக்கு இடையில் வாசகர் மறந்து போகாமல் இருக்க, பதிப்பகங்கள் சிறுகதைகளைத் தனித்தனியாக விடத் தொடங்கின. லோரன் ஒலிவரின் 'டெலிரியம்' தொடருக்கு 'ஹானா', 'அனபெல்', 'ரேவன்' என்று மூன்று வந்தன. மரிசா மேயரின் 'சிண்டர்' 2012 தொடக்கத்தில் வெளியாக முன்னமே, அந்தப் பிள்ளை புதிய பெய்ஜிங்குக்கு வந்து சேர்ந்த கதை 'கிளிச்சஸ்' என்ற பெயரில் வந்துவிட்டது.

வெரோனிகா ரொத்தின் தொடரும் இந்த அலையில்தான் மிதந்தது. 2012இல் 'ஃப்ரீ ஃபோர்' வந்தது. நாவலில் வரும் கத்தி எறியும் காட்சியை டொபியாஸ் சொல்கிறான், அவ்வளவுதான். வாசிச்சுப் பார்த்தால் நடக்கிறதெல்லாம் எங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அவன் மனசுக்குள் என்ன ஓடியது என்பது மட்டும்தான் புதிசு. இதைக் காசுக்குப் போட்டது எண்டு சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டன்.

ஆனால் 2013 செப்டெம்பரில் வந்த 'த ட்ரான்ஸ்ஃபர்' அப்படியில்லை. அதை விளங்கிக்கொள்ள ஒரு பழைய விசயம் தெரிய வேணும். ரொத் இந்த உலகத்தை முதலில் எழுதத் தொடங்கியது டிரிஸின் குரலில் இல்லை, டொபியாஸின் குரலில். முப்பது பக்கத்தோடு கதை நகராமல் நின்றுவிட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து டிரிஸ் என்ற பெண்ணைக் கதைசொல்லியாக வைத்த பிறகுதான் நாவல் ஓடியது. இதை 'ஃபோர்' தொகுப்பின் முன்னுரையில் அவரே சொல்கிறார். அதாவது, பின்னால் ஒட்டின துண்டு எண்டு நாங்கள் நினைத்த குரல்தான் உண்மையில் முதல் குரல்.

அந்தக் குரல் என்ன சொல்கிறது? எதிர்காலச் சிக்காகோ. சனம் ஐந்து குழுக்களாகப் பிரிந்து வாழ்கிறது. டொபியாஸ் பிறந்தது தன்னலத்தைத் துறந்தவர்களின் குழுவில். தகப்பன் மார்க்கஸ் ஊரே மதிக்கும் தலைவர். வீட்டுக்குள் அதே மனிசன் பெல்டால் மகனை அடிக்கிறார். நாவலில் டிரிஸின் கண்ணால் பார்க்கும்போது டொபியாஸ் எதற்கும் அசையாத பயிற்சியாளன். அவனுடைய காயம் எங்களுக்குப் பிந்தித்தான் தெரிய வருகிறது. சிறுகதையில் அந்த இடைவெளி இல்லை. பயந்த பதினாறு வயசுப் பெடியன் ஒருத்தன் எங்களுக்கு முன்னால் நிற்கிறான். வீரத்தை விரும்பி அவன் அஞ்சாதவர்களின் குழுவுக்குப் போகவில்லை. வீட்டை விட்டு ஓடுவதற்கு அவனுக்குக் கிடைத்த ஒரே வாசல் அது. 'ஃபோர்' என்ற பெயருக்குக் காரணமான நான்கு பயங்களில் ஒன்று அந்தத் தகப்பன்.

கடைசிக் கதையான 'த ட்ரெய்ட்டர்' இதை இன்னும் இறுக்குகிறது. தான் தப்பி வந்த குழுவுக்கு எதிராகச் சதி நடப்பது அவனுக்குத் தெரிய வருகிறது. தன்னை அடித்த தகப்பன் இருக்கிற இடத்தைக் காப்பாற்றுவதா? ஒருவரே கதை சொல்லும் நாவலில் இந்தக் கேள்வியை இவ்வளவு கிட்ட நின்று கேட்கவே முடியாது. டிரிஸ் போகாத வீடு அது.

ஆகவே துணைக்கதைகளை அளக்க எனக்கு ஒரே ஒரு அளவுகோல்தான்: நாவலின் கதைசொல்லிக்குத் தெரியாத ஏதாவது இதில் இருக்கிறதா? இருந்தால் அது கதை. இல்லாவிட்டால் விளம்பரம். 'ஃபோர்' தொகுப்பில் இரண்டும் இருக்கின்றன. கடைசியில் சேர்த்திருக்கும் மூன்று சிறு காட்சிகளைத் தவறவிட்டாலும் நட்டமில்லை. நான்கு கதைகளையும் விடாதீர்கள்.

ஒன்று மட்டும்: காலவரிசைப்படி முதலில் வருகிறது எண்டு இதை முதலில் வாசிக்க வேண்டாம். அவனுடைய தாயைப் பற்றி இரண்டாம் நாவலில் தெரியவரும் உண்மை இங்கே முன்னமே உடைந்துவிடும். முதலில் டிரிஸ் பார்த்த டொபியாஸைப் பாருங்கோ. பிறகு இந்தப் பெடியனிட்ட வாங்கோ.