குருவிட்டயும் 303ஆம் பிரிவும்

அது 1974ஆம் ஆண்டு. தோட்டங்களில் மாவும் அரிசியும் கிடைக்காமல் சனங்கள் செத்த காலம். குருவிட்ட பஸாரில் எங்கள் வாப்பாவுக்குப் பலசரக்குக் கடை. மேலே இறப்பர்த் தோட்டத்து லயங்களில் இருப்பவர்கள் சம்பள நாளில் இறங்கி வந்து பழைய கடனைத் தீர்த்து, புதுக்கடன் எழுதிக்கொண்டு போவார்கள். அப்படி வந்துபோன, பால் வெட்டுகிற ஒரு பெண்ணை ஒருநாள் விடியற்காலை லொறியில் சாக்கு விரித்துப் படுக்கவைத்து இரத்தினபுரிக்குக் கொண்டுபோனார்கள். லொறி கடைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றது. மூத்தம்மா பழைய சாரமொன்றைக் கிழித்துக் கொடுத்தா. அவள் திரும்பி வரவில்லை. "வயித்தில இருந்தத கலைச்சிருக்கா" என்று பெரியவர்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். இரண்டு நாளில் பொலிஸ் வந்தது. மருந்து கொடுத்தது யார் என்று லயம் லயமாக விசாரித்தார்கள். புள்ளக்கி தகப்பன் யார் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. அதைக் கேட்டது மூத்தம்மாதான், அதுவும் குசினிக்குள் நின்று. எனக்கு அப்போது பத்து வயது.

பொலிஸாரை லயத்துக்கு அனுப்பிய சட்டம் எது என்று நான் தேடிப் படித்தது பல வருஷங்களுக்குப் பிறகுதான். 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக் கோவை, 303ஆம் பிரிவு. தாயின் உயிரைக் காப்பாற்றும் நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டாலன்றி, கருவைக் கலைப்பவருக்கு மூன்று வருடம் வரை சிறை. வயிற்றில் பிள்ளை அசையத் தொடங்கிய பிறகென்றால் ஏழு வருடம் வரை. தானே கலைத்துக்கொள்கிற பெண்ணும் இதற்குள் அடங்குவாள் என்று ஒரு விளக்கமும் உண்டு. இது எந்த வேதத்திலிருந்தும் வந்ததல்ல. மெக்காலே 1837இல் வரைந்து, 1860இல் இந்தியாவில் சட்டமான கோவையின் 312ஆம் பிரிவுதான் கடல் தாண்டி இங்கே வந்தது. 'பிள்ளை அசைதல்' என்ற அளவுகோலும் பழைய ஆங்கிலச் சட்டத்துச் சரக்கு. வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்து தன் சட்டத்தில் அந்த வேறுபாட்டை அதே 1837இல் நீக்கிவிட்டது. 1967இல் கருக்கலைப்பையே பெருமளவுக்கு அனுமதித்தும் விட்டது. இந்தியா 1971இல் தனிச்சட்டம் கொண்டுவந்தது. நாங்கள் மட்டும் விக்டோரியா மகாராணியின் காலத்து வாசகத்தைத் தீனின் வாசகம்போலக் காத்து வருகிறோம்.

தீனின் வாசகம் வேறு. இப்னு மஸ்ஊத் (ரழி) அறிவிக்கும், புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸை வைத்து, 120 நாட்களில் ரூஹு ஊதப்படுகிறது என்பதை உலமாக்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டார்கள். அதற்கு முந்திய காலம் பற்றித்தான் கருத்து வேறுபாடு. மாலிகீகள் கடுமையானவர்கள். ஹனபிகளில் பலர் தக்க காரணம் இருந்தால் இடம் கொடுத்தார்கள். எங்கள் ஷாபிஈ மத்ஹபுக்குள்ளேயே ஒரே குரல் இல்லை. இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் ஆரம்பத்திலிருந்தே அது குற்றம்தான் என்கிறார். ஆனால் கரு வளர வளரக் குற்றமும் கூடுகிறது என்று படி வைத்துச் சொல்கிறார். இமாம் ரம்லி நிஹாயாவில் ரூஹு ஊதப்படுவதற்கு முன், பின் என்று பிரித்துப் பேசுகிறார். 1990இல் மக்காவில் கூடிய ராபிதாவின் பிக்ஹ் சபை, கருவுக்குக் கடுமையான, மருத்துவத்தால் தீராத குறைபாடு இருப்பதாக நம்பகமான வைத்தியர் குழு உறுதிசெய்தால், பெற்றோர் கேட்கும் பட்சத்தில் 120 நாட்களுக்குள் கலைக்கலாம் என்று தீர்மானித்தது. அந்த நாள் தாண்டிவிட்டால் தாயின் உயிருக்கு ஆபத்து இருக்க வேண்டும். 303 இவ்வளவு தூரம்கூட வருவதில்லை.

அதே 1990இல் பாகிஸ்தான் தன் 312ஆம் பிரிவை ஷரீஅத்துக்கு ஏற்ப மாற்றி எழுதியது. பிள்ளை அசையும் கணக்கை எடுத்துவிட்டு, உறுப்புகள் உருவாகும் கணக்கை வைத்தார்கள். உருவாவதற்கு முன் என்றால் தாயின் உயிரைக் காக்க மட்டுமல்ல, 'அவசியமான சிகிச்சை'க்காகவும் கலைக்கலாம். இஸ்லாமியச் சட்டம் வேண்டும் என்று திருத்தியபோது ஆங்கிலச் சட்டம் இளகியது! எங்கள் மேடைகளில் இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இனி 1995. ஜீ. எல். பீரிஸ் நீதி அமைச்சராக இருந்தபோது தண்டனைச் சட்டக் கோவையைத் திருத்தும் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தது. பாலியல் வல்லுறவு, முறைதகாப் புணர்ச்சி ஆகியவற்றால் உண்டான கருவையும், கடும் குறைபாடுள்ள கருவையும் கலைக்க இடம் கொடுக்கும் வாசகம் அதில் இருந்தது. எதிர்ப்பு வந்தது, கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் முன்னணியில் நின்றார்கள், வாசகம் விலக்கப்பட்டது. மிச்சம் 22ஆம் இலக்கச் சட்டமாகியது. அந்தச் சட்டம்தான் முறைதகாப் புணர்ச்சியைக் கோவைக்குள் ஒரு தனிக் குற்றமாகக் கொண்டுவந்தது. அதாவது, தகப்பன் செய்தது குற்றம் என்று எழுதிய அதே கை, அதனால் உண்டான கருவை அந்தப் பிள்ளை சுமந்தே தீர வேண்டும் என்று விட்டுவிட்டது. சம்மத வயதைப் பதினாறாக உயர்த்தியதும் இதே சட்டம்தான். மனைவியானவளுக்கு மட்டும் அது பன்னிரண்டாக இறங்கியது. அது எங்கள் விவாகச் சட்டத்துக்காக விட்ட சலுகை. ஒரே சட்டத்தில் இரண்டு இடத்தில் எங்கள் குரல் எடுபட்டிருக்கிறது. இரண்டு இடத்திலும் பாரத்தைச் சுமந்தது சின்னப் பெண்கள். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1980களில் அரசாங்கமே காசு கொடுத்துக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்தது. தோட்டத்துப் பெண்கள் அதற்கு அதிகமாக உட்பட்டார்கள். கர்ப்பப்பையைக் கட்டக் காசு, கருவைக் கலைத்தால் சிறை. லயத்துப் பெண்ணுக்கு அரசாங்கம் தெரிய வந்தது இப்படித்தான்.

2017இல் நீதியரசர் புவனெக அலுவிஹாரே தலைமையிலான குழுவின் பரிந்துரை, வல்லுறவாலான கருவையும் கடும் குறைபாடுள்ள கருவையும் பற்றி மறுபடி பேசியது. கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்தார்கள். எங்கள் தரப்பிலும் எதிர்ப்பு எழுந்தது. அதுவும் நின்றுபோனது. அந்த நாட்களில் எங்கள் பக்கத்துப் பள்ளியொன்றில் ஜும்ஆ முடிந்து மவ்லவியிடம் 120 நாள் பற்றிக் கேட்டேன். மறைக்கவில்லை, கிதாபை எடுத்துப் பக்கத்தையே காட்டினார். "இருக்குத்தான் நானா. ஆனா மிம்பர்ல சொல்லேலா. நாளைக்கி சனம் வேற மாதிரி வெளங்கிக்கும்."

அவர் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. வாய் திறந்தால் கதவே திறந்துவிடும் என்று நினைக்கிறார். நானும் கேட்டவுடன் கலைக்கலாம் என்று வாதிடுபவன் அல்லன், கஸ்ஸாலி சொன்ன படிகளை மதிப்பவன். ஆனால் மக்கா தீர்மானம் சிறியது, தமிழில் இரண்டு பக்கம் வராது. சட்டமூலம் மறுபடி வருவதற்குள் நம் மத்ரஸாக்களில் ஒன்று அதைத் தமிழிலும் சிங்களத்திலும் பெயர்த்து, ரம்லியின் பக்கத்தையும் சேர்த்து, நம் பாராளுமன்ற உறுப்பினர்களின் கையில் கொடுக்கலாம். வாசித்துவிட்டு எதிர்க்கட்டும்.